கையெழுத்துச் சம்பளம்

நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியது அடுப்படியில் வைத்துத்தான். தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு வவுச்சரையும் பேனாவையும் நீட்டி, "இங்கன ஒரு கையெழுத்துப் போடு" என்றார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டேன். தோசையைத் திருப்பிவிட்ட பிறகுதான் கேட்டேன்.

"இது என்னதுக்கு?"

"ஒனக்குச் சம்பளம்."

"எந்த வேலைக்கு?"

"நம்ம பிரஸ்ல நீதான் குவாலிட்டி மேனேஜர்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், "மேனேஜரு, சட்னிக்கு உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டார். அன்று முதல் வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

சிவகாசியில் எங்களுக்கு ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் இருந்தது. பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற லேபிள்தான் முக்கிய வேலை. இரண்டு கலர் மெஷின் ஒன்று, பேப்பர் வெட்டும் கட்டிங் மெஷின் ஒன்று, லேபிள்களைப் பிரித்து அடுக்கிக் கட்டு கட்டுவதற்கு ஆறு பெண்கள். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் ஆர்டர் கூடியது. லாபம் கூடியபோது வருமான வரியும் கூடியது. விருதுநகரில் இருந்த ஆடிட்டரைப் பார்க்க இவர் போனபோதுதான் என் உத்தியோகம் முடிவானது.

வரி கட்டவேண்டாத வருமான வரம்பு பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக இருந்த காலம் அது. வீட்டில் பெண்ணும் சம்பாதித்தால் அந்தச் சலுகை குடும்பத்துக்குக் கிடைக்கும். ஆனால் சொந்தக் கம்பெனியில் மனைவிக்குச் சம்பளம் எழுதிக்கொண்டால், அதையும் கணவன் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அவளுக்கு அந்தத் தொழிலில் படிப்பு இருந்து, அந்தப் படிப்பை வைத்து வேலை பார்த்தால் மட்டும் அது அவள் வருமானம். ஆடிட்டர் இதைச் சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டிருக்கிறார்.

"உங்க வீட்ல என்ன படிச்சிருக்காக அண்ணாச்சி?"

"ஏதோ டிப்ளமோ."

"என்ன டிப்ளமோ?"

"பிரிண்டிங்தான்."

ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "பிரிண்டிங் படிச்ச ஆள வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா அண்ணாச்சி இம்புட்டு வரி கட்டுதீக?"

இவர் இதை வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது எனக்கு அந்தக் கேள்வி திரும்ப நினைவுக்கு வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

என் அப்பா சாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசிக்கு வந்து ஒரு பெரிய அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். நான் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பம் சேர்த்துவிட்டார். எங்கள் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். மூன்றாம் வருடம் பயிற்சிக்குப் போன அச்சகத்தில், ரிசல்ட் வந்ததும் வந்து பாரம்மா என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ரிசல்ட்டுக்கு முன்னால் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளையே அச்சகம் வைத்திருக்கிறார் என்பதில் அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

என்னை வேலைக்குப் போகாதே என்று யாரும் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. அந்தப் பேச்சே எழவில்லை. மகள் பிறந்தாள். அச்சகம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஐந்து வருடங்களில் நான் அங்கே போனது ஆயுத பூஜைகளுக்கு மட்டும். மெஷினுக்குச் சந்தனம் தெளித்துப் பொட்டு வைத்துவிட்டு, பொரிகடலையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

ஒன்றரை வருடம் மாதாமாதம் கையெழுத்துப் போட்டேன். பணம் என் கண்ணில் பட்டதில்லை, நானும் கேட்கவில்லை. என் பெயருக்கு பான் கார்டு வந்தது. அதில் என் போட்டோவும் அப்பா பெயரும் இருந்தன. சாத்தூருக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரஸ்ல எந்தப் பக்கம் உக்காருத?" என்று கேட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.

பிறகு ஒரு நாள் வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவிக்குக் கொடுத்த சம்பளம் பற்றி விவரம் வேண்டும், அவரும் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. இவருக்கு வேர்த்துவிட்டது. ஆடிட்டருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி, வேலை நெசமா இருக்கணும்னு! அவுக ஆபீசுக்கே வாரதில்லையா?"

போனை வைத்தார். அப்புறம் என்னிடம் வந்து, "பத்து நாள் இருக்கு. தெனமும் பிரஸ்ஸுக்கு வா. எது எது எங்கன இருக்குன்னு பாத்துக்கோ. கேட்டா பதில் சொல்லணும்லா" என்றார். ஒருவரிடம் உதவி கேட்கிற குரல் அது. அவர் என்னிடம் அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மறுநாள் காலை போனேன். உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் புதுப் பேப்பரும் கலந்த வாசனை. எனக்குப் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பே திரும்பி வந்துவிட்டது. கட்டிங் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மெஷின்மேன் என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார். ஆறு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முதலாளி வீட்டம்மா வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு, எழுந்துபோய் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து லேபிள் பிரிக்க ஆரம்பித்தேன்.

அவர்களில் மூத்தவர் ஆனைக்குட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. அவர் விரல் போகிற வேகத்துக்கு என் கண்ணே போகாது. நல்ல லேபிள் ஒரு பக்கம், மை இழுகிய லேபிள் ஒரு பக்கம் என்று பார்க்காமலே பிரித்துப் போடுவார். இரண்டாம் நாள் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"எதுக்குத் தாயி நீங்க தரையில உக்காந்து கஷ்டப்படுதீக?"

"நாற்காலில உக்காந்தாத்தான்க்கா கஷ்டமா இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் குழம்பு கைமாறியது.

நாலாவது நாள் மூலையில் கிடந்த இரண்டு பெரிய கட்டுகளைப் பார்த்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி திருப்பி அனுப்பிய லேபிள்கள். பெட்டியில் ஒட்டினால் ஓரம் எழும்பிக்கொள்கிறதாம். இப்படியே போனால் அடுத்த சீசனுக்கு வேறு அச்சகம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம். இவர் அதற்கு, "அவனுக பசை சரியில்ல. தண்ணியா காய்ச்சுதானுக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பசையில குத்தமில்ல தாயி. இங்கன வாரதுக்கு முந்தி நானும் அந்த மாதிரிக் கம்பெனில பெட்டி ஒட்டினவதான். நல்ல லேபிளு பசை பட்டதும் படிஞ்சு உக்காரும். இது பாம்பு கணக்கா நெளியும். அதுலயும் எல்லாம் நெளியாது. ஒண்ணு நல்லா இருக்கும், அடுத்தது நெளியும்."

"இத மொதலாளிகிட்டச் சொன்னீகளா?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது நெளியும் என்று அவர் சொன்னது என்னை விடவில்லை. திரும்பி வந்த கட்டிலிருந்து பத்து லேபிள் உருவினேன். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஈரக் கையால் தடவி மேசையில் வைத்தேன். பேப்பரில் நார் ஒரு திசையில் ஓடும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் பேப்பர் விரியும், அதனால் நார் ஓடுகிற பக்கமாகக் குழல் மாதிரிச் சுருளும். இது முதல் வருடப் பாடம். ஏழு லேபிள்கள் நீளவாக்கில் மெல்லிய குழலாகச் சுருண்டன. மூன்று மட்டும் அகலவாக்கில், இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டு தொட்டில் மாதிரி நின்றன.

ஒரே கட்டுக்குள் எப்படி இரண்டு விதம் வரும்? அச்சான முழு ஷீட் ஒன்றை வாங்கி விரித்துப் பார்த்தேன். லேபிள்கள் வரிசையாக ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் மட்டும் சில லேபிள்களைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அந்தத் திருப்பிப் போட்டவைதான் நெளிகிறவை. மேசையின் முன் நின்று கொஞ்ச நேரம் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஷீட் அமைப்பு அவரே யோசித்துச் செய்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஒரு ஷீட்டுக்கு நாலு லேபிள் கூட வருதுல்லா" என்றார்.

"அந்த நாலும் திரும்பியும் வந்திருச்சே" என்றேன்.

கட்டிங் மெஷின்காரர் கூரையைப் பார்த்தார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து டீ வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து. "இன்னொரு வாட்டி தண்ணி தொட்டுக் காட்டு" என்றார். காட்டினேன். பிறகு அவரே நாலைந்து லேபிள்களை நனைத்துப் பார்த்தார். அன்றைக்கே அந்த நாலையும் எடுத்துவிட்டு அச்சுப் பிளேட்டை மாற்றச் சொல்லிவிட்டார். பசையில் குற்றமில்லை என்று முதலில் சொன்னது யார் என்பதையும் அவரிடம் சொன்னேன். "ஏன் என்கிட்ட முன்னமே சொல்லல?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்பக் கேட்டீக, சொல்லுதேன்" என்றார்.

பத்தாவது நாள் விருதுநகருக்குப் போனோம். நான் என் டிப்ளமோ சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். அலுவலக வாசலில் ஆடிட்டர் என்னைத் தயார்படுத்தினார். "தரக் கட்டுப்பாடு, உற்பத்தி மேற்பார்வை. இம்புட்டுத்தான் சொல்லணும். வேற ஒண்ணும் பேசவேண்டாம்மா."

அதிகாரி ஐம்பது வயதிருக்கும். சான்றிதழைப் படித்துவிட்டு, "அங்கே நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?" என்று கேட்டார். மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. திரும்பி வந்த லேபிள்களின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆடிட்டர் இருமினார். நான் நிறுத்தவில்லை.

"அதெப்படித் தண்ணி தொட்டாத் தெரியும்?" என்றார் அதிகாரி. அவரே மேசையிலிருந்து வேண்டாத தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அவர் டம்ளரிலேயே விரலை நனைத்துத் தடவினேன். தாள் மெதுவாகச் சுருண்டது. "அட" என்றார். இன்னொரு தாளை எடுத்து அவரும் செய்து பார்த்தார்.

என் கணவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது அந்த அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்: "எத்தனை நாளா இந்த வேலைக்குப் போறீங்க?"

என் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் மூச்சு விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை வருடமாகப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் நான் பேசியது அத்தனையும் என் சொந்த வேலை, என் கையால் செய்தது. அதோடு ஒரு பொய்யைச் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

"கையெழுத்துப் போட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் சார். வேலை பாக்க ஆரம்பிச்சு பத்து நாள்" என்றேன்.

ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன வருஷத்துச் சம்பளம் உங்க வீட்டுக்காரர் வருமானத்துலதான் சேரும். வரியும் வட்டியும் கட்டணும். இனிமே உண்மையா வேலை பார்த்தா அது உங்க வருமானம், உங்க சலுகை. புரியுதாம்மா?" என்றார்.

"புரியுது சார்."

"இவங்கள வீட்டுல உட்கார வைக்காதீங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம். மத்தியானம் ஆகிவிட்டதால் ஒரு கடையில் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். முறுகலாக இரண்டு வந்தன. சால்னாவை ஊற்றிப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "ஒன்றரை வருஷம்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்" என்றார்.

"அவரு நேராக் கேட்டாரு. எனக்கு வரல."

"வட்டி வேற கட்டணும்."

நான் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டு வாங்கினேன். இரண்டாவது புரோட்டா பாதி முடிந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடிட்டர் மூஞ்சியப் பாத்தியா?" என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "கட்டுற வட்டிக்காவது இனி நீ தெனமும் வேலைக்கு வந்துதான் ஆகணும்."

"அதத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன். ஆனா சம்பளம் என் பேங்க் கணக்குல வரணும். அடுப்படியில கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி மேனேஜர்" என்றார். அந்த முறை அதில் கேலி குறைவாகத்தான் இருந்தது.

வீட்டில் மாமியாரிடம் நான்தான் பேசினேன். மகள் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவாள், நான் வர ஆறாகும், அதுவரை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் தலையைக் கோதி முடிந்துகொண்டு கேட்டார்:

"ஒனக்குச் சம்பளம் உண்டுல்ல?"

"உண்டு அத்தே."

"அப்ப புள்ளயப் பாக்குறதுக்கு எனக்கும் உண்டுல்ல?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர் அவர். அந்தக் காசு அவர் கைக்கு வந்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாள் அவருக்குரியதைக் கொடுத்துவிடுவேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் நாலு பேரோடு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வருவார். திரும்பி வரும்போது பேத்திக்கு வளையலும் எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் இருக்கும். யாரிடமும் கேட்டு வாங்காத காசு என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் ஏறும்போது அவர் நடையில் அது தெரியும்.

எனக்கு வந்த முதல் சம்பளத்தில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினேன். நாலு கலரும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும்போது, லேபிளில் இருக்கிற சேவலின் கொண்டை சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். சேவல், ரயில், ரோஜாப்பூ, குழந்தை முகம் எல்லாமே புள்ளிகள்தான். ஒரு நாள் அக்காவுக்கு லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு வருஷம் இத வெறுங்கண்ணால பிரிச்சிருக்கேன்" என்றார். அவர் சொல்வதை இவர் காது கொடுத்துக் கேட்கவும் ஆரம்பித்தார். அடுத்த வருடம் அவரைப் பிரிக்கிற பகுதிக்குப் பொறுப்பாளர் ஆக்கினோம். சம்பளமும் கூட்டினோம். அவர் சொல்லி ஆனைக்குட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

வட்டியோடு கட்டிய வரியைப் பற்றி இவர் கொஞ்ச நாள் பேசினார், பிறகு மறந்துவிட்டார். பெண்களுக்கென்று இருந்த அந்தத் தனி வரம்பையும் பிற்பாடு எடுத்துவிட்டார்கள். ஆடிட்டர் அதைச் சொல்ல போன் செய்தபோது ஆடி மாதம். தினக் காலண்டர் அட்டைகள் அச்சாகிக்கொண்டிருந்தன, நான் மை கலந்துகொண்டிருந்தேன். "இனி அம்மா பேருல காட்டுறதுல பெரிய லாபமில்ல அண்ணாச்சி" என்றாராம். "அவ இல்லாட்டி எனக்கு நஷ்டம்லா" என்று இவர் பதில் சொன்னது மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மெஷின்மேன்தான் வந்து சொன்னார்.

அந்தச் சலுகை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் அச்சகத்துக்குள் போயிருப்பேனா என்று சில சமயம் யோசிப்பதுண்டு. என் படிப்பை யாரும் கேட்டதில்லை. வரியைக் குறைக்க வழி தேடியபோதுதான் கேட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எந்த வழியாகக் கேட்டாலும், கேட்டதும் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது.

வெம்பக்கோட்டைக் கம்பெனி எங்களை விட்டுப் போகவில்லை. அங்கே இருக்கிற சூப்பர்வைசர் போன் செய்தால் முதலில் லோடு எப்போது வரும் என்று இவரிடம் கேட்பார். பிறகு, "மேடம்கிட்டக் குடுங்க, கலர் பேசணும்" என்பார். இவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு, நான் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.